கார் ஓடாத பாதையால் பெண் பார்க்கப் போனோம்

என் மாமா பிரான்ஸ் கதையைத் தொடங்கினால் நான் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வேன். ரொறன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் இருந்த தொடர்மாடி வீட்டில் ஒழுங்காகப் பூட்டக்கூடிய கதவு அது ஒன்றுதான். இரண்டு படுக்கையறை வீடு. ஒன்றில் அப்பா, அம்மா, தம்பி. மற்றதில் நான். அம்மாவின் தம்பியான இந்த மாமா பாரிஸிலிருந்து வந்து சேர்ந்ததும் என் அறை அவருக்குப் போனது, நான் ஹோலில் சோபாவுக்கு வந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பதினொரு வயது. பதினொரு வயதுப் பிள்ளையிடம் எதையும் கேட்பதும் இல்லை, எதையும் சொல்வதும் இல்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

பிரான்ஸ் கதை எப்போதும் ஒரே கதைதான். நகரத்தை விட்டு வெளியே வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கால்வாய் ஓடுமாம். கரையில் சைக்கிள் போக ஒரு பாதை. அந்தக் காலத்தில் குதிரைகள் அதில் நடந்து படகுகளை இழுத்தனவாம். இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், பாதை முழுக்க நிழல். இடைக்கிடை தண்ணீரை மறித்துத் திறந்துவிடும் பெரிய மரக்கதவுகள், பக்கத்தில் அதைத் திறப்பவருக்கு ஒரு சின்ன வீடு, யன்னலில் சிவப்புப் பூ. ரயில் நின்றுபோன இடங்களில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு அதையும் சைக்கிள் பாதை ஆக்கிவிட்டார்களாம்.

“ஒரு கார் இல்லை, ஒரு லொறி இல்லை. காலமை வெளிக்கிட்டால் பின்னேரம் வரைக்கும் ஓடலாம். மாடு நிண்டு பாக்கும். தூரத்தில சேர்ச் மணி கேக்கும். அதை விட்டால் ஒரு சத்தமும் இல்லை, பிள்ளை.”

இதை நான் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது எங்கள் வகுப்பு ஆசிரியை கையைக் கன்னத்தில் வைத்துக் கேட்டார். அப்படி ஒரு விடுமுறைக்குப் போக வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசையாம், அதற்கு நிறையச் செலவாகுமாம். எனக்குக் கோபம் கூடியது. அவ்வளவு வசதியாகச் சுற்றுலா போன மனிதர் ஏன் என் கட்டிலில் படுக்கிறார்?

ரொறன்ரோவிலும் அவர் சைக்கிளில்தான் போவார். யாரோ வீட்டு வாசலில் விற்கப் போட்டிருந்த இரண்டு பழைய சைக்கிள்களை வாங்கி, பெரியதைத் தனக்கும் சின்னதை எனக்குமாகத் திருத்தியிருந்தார். உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. நேர் தெருவால் போனால் கிட்ட. அவர் பூங்காவுக்குள்ளாலும் பள்ளத்தாக்குக்குள்ளாலும் சுற்றி இரண்டு மடங்கு தூரம் போய் வியர்த்துப்போய் வேலைக்கு இறங்குவார். பஸ்ஸில் ஏறமாட்டார். கார் பழகமாட்டார். அப்பா எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பழக்குகிறேன் என்று கூப்பிட்டுப் பார்த்தார்.

“மச்சான், லைசென்ஸ் இல்லாதவனுக்கு இந்த ஊரில ஒருத்தரும் பொம்பிளை குடுக்க மாட்டினம்,” என்றார் அப்பா.

அது உண்மைதான். இரண்டு கலியாணப் பேச்சுக்கால் வந்து முறிந்துவிட்டது. ஒன்று சாதகத்தில், மற்றது லைசென்ஸில். மாமாவுக்கு முன்தலை முடி கொட்டத் தொடங்கியிருந்தது. மூன்றாவதாக அஜின்கோர்ட்டில் தமையன் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் பேச்சு வந்தது. அந்தப் பெண்ணுக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஜெர்மனியில் இருந்து வந்தவர். சாதகம் பொருந்திவிட்டது. இதுவும் சரிவராவிட்டால் இனிமேல் தான் யாருக்கும் போன் எடுக்கப் போவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். எனக்கு இதில் இருந்த அக்கறை ஒன்றே ஒன்று. கலியாணம் நடந்தால் என் அறை எனக்குத் திரும்பி வரும்.

பெண் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே அம்மா வடை சுட்டுக்கொண்டு மாமாவுக்குப் புத்தி சொன்னார்.

“தம்பி, அங்க வந்து பிரான்ஸ் கதை எடுத்தியெண்டால் நான் எழும்பி வந்திடுவன். பிரான்சில நிரந்தர விசாவோட நல்லா இருந்தவர், இஞ்ச ரெஸ்ரோரண்டில சூப்பவைசர் எண்டு சொல்லியிருக்கிறன். அதோட நில்.”

“ஏனக்கா பொய்யைச் சொன்னனி?”

“பின்ன, உள்ளதைச் சொல்லிப் பொம்பிளை எடுக்கலாமோ?”

எனக்கும் அம்மா சொன்னது நியாயமாகப் பட்டது. அந்தக் கதையைக் கேட்டால் யாருக்கும் கொட்டாவி வரும், அதனால்தான் அம்மா தடுக்கிறார் என்று நினைத்தேன். விசா என்ற சொல் எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி தினமும் புழங்கிய சொல். அதற்கு ஒரு தனிப் பொருள் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பிரச்சினை காரில் தொடங்கியது. அப்பாவின் காரில் ஐந்து பேர் போகலாம். அப்பா, அம்மா, தம்பி, கலியாணம் பேசிய அங்கிள், அவருடைய மனைவி. அங்கிள் நாலரைக்கு ராகுகாலம், அதற்கு முன் மாப்பிள்ளை வாசல்படி மிதிக்க வேண்டும் என்று போனில் மூன்று தரம் சொல்லியிருந்தார். முதலில் இவர்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து மாமாவையும் என்னையும் ஏற்றுவதாக அப்பா சொன்னார். மாமா வேண்டாம் என்றார்.

“என்னத்துக்கு ரெண்டு ஓட்டம்? நான் சைக்கிளில வாறன். எங்கட பில்டிங்குக்குக் கிட்டப் போற ஓடை அஜின்கோர்ட் பக்கத்திலயிருந்துதான் வருது. கரையைப் பிடிச்சுப் போனால் நேர அங்க போய் ஏறலாம். ஒரு கார் வராது.”

அப்பா சாவியை மேசையில் போட்டார். “பொம்பிளை பாக்கச் சைக்கிளில போன மாப்பிளையை நீ எங்கையாவது கண்டிருக்கிறியோ? கலியாணத்துக்கும் உதில ரெண்டு பேரையும் டபிள் ஏத்திக்கொண்டு போவம்.”

மாமா சிரித்தார், ஆனால் அசையவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அம்மா ஒரு முடிவு எடுத்தார். மாமா வழியில் தொலைந்துபோகாமல் இருக்கவும், வழி கேட்க வேண்டி வந்தால் ஆங்கிலத்தில் கேட்கவும் என்னையும் சின்னச் சைக்கிளில் அவரோடு அனுப்புவது. நான் அப்போது மாம்பழ நிறத்தில் பட்டுப்பாவாடை கட்டியிருந்தேன். அதை மாற்றவும் விடவில்லை. அங்கே போய் மாற்ற இடம் இருக்காதாம். பட்டுப்பாவாடையோடு சைக்கிள் ஓடச் சொன்னார்கள். மாமா உடுப்புக் காயப்போடும் கிளிப்புகள் நாலைந்தைக் கொண்டுவந்து பாவாடையை இரண்டு பக்கமும் தூக்கிக் குத்திவிட்டார். தன்னுடைய காற்சட்டைக் காலுக்கு ரப்பர் பட்டி போட்டார். மாப்பிள்ளை தயார்.

ஓடைக்கு இறங்குவதற்கு முன் ஒரே ஒரு பெரிய தெருவைக் கடக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் கோப்பிக் கடை, அதன் வாசலில் ஒரு பொலிஸ் கார் நின்றது. நடக்கலாம் என்று வெள்ளை விளக்கு எரிந்தது. மாமா கடக்கவில்லை. குனிந்து சைக்கிள் சங்கிலியைத் தடவிக்கொண்டிருந்தார். விளக்கு மாறியது. திரும்ப எரிந்தது. அவர் இன்னும் குனிந்தபடிதான்.

“மாமா, செயின் கழரேல்லை.”

“பொறு, பிள்ளை. ஒருக்காப் பாக்கிறன்.”

பொலிஸ்காரர் கோப்பியோடு வெளியே வந்து, ஏதோ சாப்பிட்டு முடித்து, காரை எடுத்துக்கொண்டு போகும்வரை அவர் சங்கிலியைப் பார்த்தார். அதற்குப் பிறகு சங்கிலி சரியாகிவிட்டது. வெயில் என் தலையைப் பிளந்தது. இந்த மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஓடைக் கரையில் பிரான்ஸ் இல்லை. கொஞ்சத் தூரம் புல் இருந்தது, அதில் சைக்கிள் போகாது. பிறகு தொழிற்சாலைகளின் பின்பக்கம் வந்தது. கம்பி வேலி, கிழிந்த மெத்தை, கடையில் சாமான் தள்ளும் வண்டி ஒன்று தண்ணீருக்குள் கவிழ்ந்து கிடந்தது. ஓடையின் இரண்டு கரையையும் சீமெந்தால் சரிவாகக் கட்டியிருந்தார்கள். அந்தச் சரிவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நடந்தோம். என் பாவாடை சங்கிலிக்குள் ஒரு தரம் போய்க் கறுப்புக் கிரீஸோடு வெளியே வந்தது. நான் அழவில்லை, கத்தினேன். மாமா பொருட்படுத்தவில்லை. ஒரு நாரை நின்றது, அதைக் காட்டினார்.

“பாத்தியே? இதுதான் நான் சொன்னது. கார் இல்லாத இடத்துக்குத்தான் உது வரும்.”

அதற்குப் பிறகுதான் 401 நெடுஞ்சாலை வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து அஜின்கோர்ட்டுக்குப் போக அதைக் கடக்க வேண்டும் என்பது எனக்கே தெரியும். மாமா அதை நினைக்கவே இல்லை. ஓடை நெடுஞ்சாலைக்குக் கீழே ஒரு சதுரமான சீமெந்துக் குகைக்குள் நுழைந்தது. தூரத்தில் மறுபக்க வெளிச்சம் ஒரு சின்னப் பெட்டி மாதிரித் தெரிந்தது. உள்ளே இருட்டு. தண்ணீர் கணுக்கால் அளவு. தலைக்குமேல் ஆயிரம் வாகனங்கள் இடிபோல ஓடின.

திரும்பிப் போய்த் தெருவால், பாலத்தின்மேல் போவோம் என்று சொன்னேன். கெஞ்சினேன். பிறகு இங்கிலீஷில் திட்டினேன். அவர் சப்பாத்தைக் கழற்றி, நாடாவை முடிந்து கழுத்தில் போட்டார். முதலில் தன் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போய் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு என் சைக்கிளை ஒரு தோளில் போட்டார். மறுகையால் என் கையைப் பிடித்தார். மேலே லொறி போனபோதெல்லாம் சுவர் அதிர்ந்தது. என் பாவாடைக் கரை தண்ணீரில் இழுபட்டது. நடுவில் வரும்போது அவர் என் காதில் சொன்னார்:

“பயப்பிடாதை. இதுக்குள்ள ஒருத்தரும் வர மாட்டினம்.”

ஒருவரும் வரமாட்டார்கள் என்பதுதான் என் பயமே. இந்த மனிதர் அதை ஆறுதலாகச் சொல்கிறார்.

அஜின்கோர்ட் வீட்டு வாசலில் நாங்கள் போய் நின்றபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. மாமாவின் காற்சட்டை முழங்கால்வரை ஈரம், சட்டையில் துரு. என் கோலத்தைச் சொல்லத் தேவையில்லை. கலியாணம் பேசிய அங்கிள் வாசலில் நின்றார்.

“ராகுகாலத்துக்குள்ள காலை வைக்காதேங்கோ. ஆறு மணி வரைக்கும் வெளியில நில்லுங்கோ.”

பெண்ணின் தமையன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். “அங்கிள், இஞ்ச பொழுதுபடுறது ஒன்பது மணிக்கு. இந்த ஊர்க் கணக்குக்கு ராகுகாலம் ஏழுக்குப் பிறகுதான் வரும். வாங்கோ, வாங்கோ. பிள்ளை நனைஞ்சு நிக்குது.”

அங்கிளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதன்பின் அவர் வடையையும் தொடவில்லை.

உள்ளே எல்லாரும் சுற்றி இருந்தார்கள். எனக்கு ஒரு துவாயைத் தந்து சோபாவின் பிளாஸ்டிக் உறைமேல் இருத்தினார்கள். அப்பா தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மாமாவைப் பார்த்த பார்வையில் பால் திரைந்திருக்கும். தமையன்தான் மரியாதைக்கு ஒரு கேள்வி கேட்டார். ஏன் சைக்கிளில் வந்தீர்கள் என்று.

அவ்வளவுதான். மாமா தொடங்கிவிட்டார். கால்வாய், மரம், மரக்கதவு, சிவப்புப் பூ, மாடு, மணி. பயத்தில் அன்றைக்கு வழமையை விட வேகமாகச் சொன்னார். அம்மா இருமினார். அவர் நிறுத்தவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் அறை போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பெண் அதற்குள் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றிருந்தார். சேலை கட்டியிருந்தார், கண்ணாடி போட்டிருந்தார். தட்டை நீட்டாமல் கதை முழுவதையும் நின்றபடி கேட்டார். மாமா மூச்சு விட நிறுத்திய இடத்தில் தட்டை மேசையில் வைத்துவிட்டு நேரே அவரைப் பார்த்துக் கேட்டார்.

“அங்க எவ்வளவு காலம் விசா இல்லாமல் இருந்தனீங்கள்?”

அம்மா, “இல்லைப் பிள்ளை, தம்பி அங்க” என்று தொடங்கினார். மாமா அம்மாவைப் பார்க்கவில்லை.

“ஆறு வருசம்,” என்றார். “அகதிக் கேஸ் ரெண்டு தரம் தள்ளுபட்டது. நான் வேலை செய்த தோட்டம் ஊருக்கு வெளியில. றோட்டால போனால் பொலிஸ்காரர் மறிப்பாங்கள். கால்வாய்க் கரையில மறிக்கிறதுக்கு ஆக்கள் இல்லை.”

“எனக்கு ஜெர்மனியில நாலு வருசம்,” என்றார் அவர். “காம்ப் இருந்த மாவட்டத்தை விட்டு வெளியில போகக்கூடாது. தங்கச்சி பக்கத்து மாவட்டத்தில. காட்டுப் பாதையாலதான் போய்ப் பாக்கிறனான்.”

“நடந்தோ?”

“சைக்கிளில. முன்னுக்குக் கூடை வைச்சது.”

“அங்க நாய் இல்லையோ?”

“நாயை விட நாயைக் கூட்டிக்கொண்டு வாறவைதான் பயம். நிண்டு கதை குடுப்பினம்.”

“மீன் பிடிக்கிறவங்கள் பிரச்சினையில்லை,” என்றார் மாமா.

“ஓம். அவை தண்ணியைத்தான் பாப்பினம்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவர் ஒரு கதிரையை இழுத்து மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தார். கல் போட்ட பாதையா, மண் பாதையா என்று கேட்டார். மழைக்குச் சேறு ஆகாதா என்று கேட்டார். எந்த மரத்தில் எந்த மாதம் இலை கொட்டும், இலை கொட்டினால் தூரத்திலிருந்து ஆளைத் தெரியுமே, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டார். மாமா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பெண் பார்க்க வந்த இடத்தில் படிப்பு, வேலை, சம்பளம், சமையல் ஒன்றும் இல்லை. பாதையைப் பற்றி மட்டும் பேசினார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. உலகத்தில் இந்தக் கதையைக் கேட்க ஒரே ஒரு ஆள் இருந்திருக்கிறார், அவரிடமே வந்து சேர்ந்துவிட்டோம்.

அம்மாவின் பொய் உடைந்தது எனக்கும் விளங்கியது. இனிச் சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தமையன் எழுந்துபோய் யன்னல் திரையை விலக்கி வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா மடியில் படுத்திருந்த என் தம்பியின் தலையைத் தடவினார். அப்பா மாமாவை, ஏதோ புதிதாக வீட்டுக்கு வந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இத்தனை மாதம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதரை ஏன் இப்படிப் பார்க்க வேண்டும்? அந்த வருடங்களைப் பற்றி அப்பாவும் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அது எனக்கு மிகவும் பின்னால்தான் தெரிந்தது. எங்கள் வீட்டுச் சட்டம் பெரியவர்களுக்கும் இருந்திருக்கிறது.

போகும் நேரம் வந்தபோது அப்பா சைக்கிள்களைக் காரின் பின்பெட்டிக்குள் திணித்துப் பார்த்தார். மூடி பூட்டவில்லை. சைக்கிள்களை விட்டுவிட்டு வா என்று அம்மா மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா வந்த வழியாலேயே போகிறேன் என்றார். நான் செத்தாலும் அந்தக் குகைக்குள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். “றோட்டால போவம். நான் பாலம் வரைக்கும் வாறன்.”

“உந்தச் சேலையோடயோ? எங்க போறாய்?” என்றார் தமையன்.

“உவையளை அனுப்பிப்போட்டு வாறன், அண்ணை.”

அங்கிளின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். பேச்சு இன்னும் முற்றாகாத பெண், மாப்பிள்ளையோடு நடுத்தெருவில்.

பெரிய தெருவுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம், மூன்று வரிசையாகக் கார்கள் போய்க்கொண்டிருந்தன. மாமா சைக்கிளில் ஏறவில்லை, உருட்டினார். அவர் ஏறாததால் நானும் உருட்ட வேண்டி வந்தது. அந்தப் பெண் தெருப்பக்கமாகப் போய் மாமாவுக்கும் கார்களுக்கும் நடுவில் நடந்தார். ஓரமாக உட்பக்கம் நடந்தால் சேலையில் புழுதி படாது. அவர் வெளிப்பக்கம்தான் நடந்தார். வேகமாகவும் நடக்கவில்லை. எந்தக் கடையில் மரக்கறி மலிவு, எந்தக் கடைக்காரன் பழைய மீனைப் புது மீன் என்று விற்கிறான் என்று பேசிக்கொண்டே வந்தார். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சைக்கிளை அவர் பிடித்த பிடியில் விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. அவருக்குப் பசிக்கிறது என்று நினைத்தேன். எனக்குப் பசித்தது.

பாலத்தின் நடுவில் அந்தப் பெண் நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே காட்டினார். நெடுஞ்சாலை முழுக்கக் கார்கள், எங்களுக்குக் கீழே நுழைந்து மறுபக்கம் வெளியேறிக்கொண்டிருந்தன.

“பாருங்கோ,” என்றார். “ஒருத்தராவது உங்களைப் பாக்கினமே?”

மாமா பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். காரைப் பார்க்க என்ன இருக்கிறது? ஈரப் பாவாடை என் காலில் ஒட்டிக் கடித்தது. இரண்டு சைக்கிள் இருக்க, நேரான தெரு இருக்க, வீடு இறக்கத்தில் இருக்க, இரண்டு பெரிய ஆட்கள் பாலத்தில் நின்று கார் பார்த்தார்கள்.

“ஏறி ஓடலாம்தானே, மாமா?” என்று கேட்டேன்.

“பொறு, பிள்ளை,” என்றார் அவர், திரும்பாமல்.

பொறுப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவரும் சொல்லவும் இல்லை.